வீட்டுத் தொட்டியில் பவளம்: கடலில் எடுத்ததா, பண்ணையில் வளர்த்ததா?



நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இன்று மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் நன்னீர்த் தொட்டிதான். கப்பி, மோலி, தங்கமீன் என்று தொடங்குவார்கள். ஓரிருவர் துணிந்து கடல்நீர்த் தொட்டிக்குப் போவார்கள். அதியன்னூரில் என் வீட்டிலும் பல ஆண்டுகளாகக் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருப்பதால், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதி அன்பர்கள் இது பற்றி என்னிடம் கேட்பது வழக்கம். அண்மைக் காலமாக ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. "தொட்டியில் உயிர்ப் பவளம் வைக்க ஆசை. கடலிலிருந்து எடுத்ததை வாங்கலாமா, பண்ணையில் வளர்த்ததை வாங்கலாமா?" வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் தொலைபேசியில் இதையே கேட்கிறார்கள்.

இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. தொட்டி எந்த நாட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். வெளிநாட்டில் இருப்பவருக்கு இது உண்மையிலேயே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி. இந்தியாவில் இருப்பவருக்கோ, கல்பவளத்தைப் பொறுத்தவரை, தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லை. ஏன் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

பவளம் என்பது என்ன?

பவளம் என்றதும் மோதிரத்தில் பதிக்கும் செம்பவளம்தான் நமக்கு நினைவுக்கு வரும். அது மத்தியதரைக் கடல் போன்ற இடங்களின் ஆழத்தில் கிடைக்கும் வேறொரு வகை. நாம் இங்கே பேசுவது பவளப்பாறையைக் கட்டும் உயிரினத்தைப் பற்றி. யாழ்ப்பாணத் தமிழர் முருகைக்கல் என்று சொல்வது இந்தப் பாறையைத்தான்.

பவளம் செடியும் அன்று, கல்லும் அன்று. அது ஒரு விலங்கு. பாலிப் எனப்படும் சிறு உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டிச் சேர்ந்து வாழும் குடியிருப்பு அது. ஒவ்வொரு பாலிப்பும் கடல்நீரில் உள்ள சுண்ணச் சத்தை எடுத்துத் தனக்கு அடியில் கல்லாகப் படியவைக்கிறது. அதன் உடலுக்குள் நுண்ணிய ஒற்றைச்செல் பாசிகள் குடியிருக்கின்றன. இப்பாசிகள் சூரிய ஒளியில் உணவு தயாரித்துப் பவளத்துக்கும் பங்கு தருகின்றன. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் இந்தப் பாசிகளை இழந்து வெளுத்துவிடும். வெப்பம் நீடித்தால் செத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்படிப் பெரும் வெளுப்பு நேர்ந்தது. 2024-இல் உலகளாவிய நான்காம் வெளுப்பு அறிவிக்கப்பட்டபோது நமக்கு மேற்கே உள்ள லட்சத்தீவும் பாதிக்கப்பட்டது.

வளரும் வேகம் வகைக்கு வகை மாறும். மான்கொம்பு போல் கிளைவிடும் அக்ரோபோரா ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரைகூட வளரக்கூடும். உருண்டைப் பாறையாக வளரும் போரைட்டீஸ் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். கால்பந்து அளவுள்ள ஒரு போரைட்டீஸை ஒருவர் பெயர்த்தெடுத்தால், பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கடல் கட்டியதை எடுத்துப் போகிறார் என்று பொருள்.

பண்ணைப் பவளம் எப்படி உருவாகிறது?

முருங்கைக் கொம்பை வெட்டி நட்டால் மரமாவது போலத்தான். தாய்ப் பவளத்திலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டு ஒன்றை வெட்டி, சிறிய பீங்கான் அல்லது சிமெண்ட் வில்லையின் மேல் சூப்பர் குளூ போன்ற பசையால் ஒட்டுவார்கள். சில வாரங்களில் துண்டின் அடிப்பகுதி வில்லையின் மேல் படர்ந்து பற்றிக்கொள்ளும். சில மாதங்களில் விற்பனைக்கு ஆகிவிடும். அதில் ஒரு கிளையை மறுபடி வெட்டி அடுத்த துண்டை நடலாம்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆழம் குறைந்த கடலில் மேசை போன்ற சட்டங்களை அமைத்து அதன்மேல் வளர்ப்பது. இந்தோனேசியா, பிஜி, சாலமன் தீவுகள் ஆகிய இடங்களில் இம்முறை உண்டு. மற்றொன்று, கடலுக்கே போகாமல் கட்டடத்துக்குள் தொட்டிகளில் மின்விளக்கின் கீழ் வளர்ப்பது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது மிகுதி. வீட்டுத் தொட்டி வைத்திருப்போர் தங்களுக்குள் துண்டுகளைக் கைமாற்றிக் கொள்வதும் இந்த இரண்டாம் வகையில் அடங்கும்.

எது தேறும்?

வீட்டுக்காரரின் கண்ணோடு பார்த்தால் பண்ணைப் பவளமே பெரும்பாலும் மேல். கடலிலிருந்து வந்தது அலையிலும் வெயிலிலும் வாழ்ந்தது. பெயர்த்த இடத்தில் காயம் இருக்கும். பையில் அடைபட்டுக் கண்டம் தாண்டி வந்த களைப்பும் இருக்கும். அதோடு தட்டைப்புழு, பவளம் தின்னும் நத்தை, வேண்டாத நண்டு ஆகியவையும் ஒட்டிக்கொண்டு வரும். தொட்டியிலேயே வளர்ந்த துண்டோ விளக்கொளிக்கும் தொட்டி நீருக்கும் பழகியது. சிறிதாக இருப்பதால் விலையும் குறைவு. ஒன்று செத்தாலும் இழப்பு சிறிது. நன்றாக வளர்ந்தால் நீங்களே வெட்டி இன்னொருவருக்குக் கொடுக்கலாம்.

ஆனால் எல்லா வகையும் பண்ணையில் எளிதில் வளர்வதில்லை. அக்ரோபோரா, மான்டிபோரா போன்ற கிளைப் பவளங்களும் மென்பவளங்களும் வெட்டி நடுவதற்கு ஏற்றவை. ஒற்றைப் பெரிய பாலிப்பாக வளரும் சில வகைகளும், சேற்று மணலில் கிடக்கும் திறந்த மூளைப் பவளமும் துண்டு போட்டுப் பெருக்கக் கடினமானவை. எனவே இவை இன்னும் பெரும்பாலும் கடலிலிருந்தே எடுக்கப்படுகின்றன. கடையில் இத்தகைய பவளத்தைக் காட்டி "பண்ணைச் சரக்கு" என்று சொன்னால் இரண்டாம் முறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

மறுபக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கடலில் எடுப்பதெல்லாம் கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உரிமம் பெற்றவர் மட்டும், அளவு வைத்து, பவளம் எடுக்கும் முறை இருக்கிறது. தீவுக் கிராமங்களில் பவளத்தால் வருமானம் வந்தால், அந்தப் பாறையை வெடி வைத்துத் தகர்க்காமல் காப்பாற்ற அவ்வூர் மக்களுக்கே ஒரு காரணம் கிடைக்கிறது என்பதும் உண்மையே. கட்டடத்துக்குள் வளர்க்கும் தொழில் இந்த வருமானத்தைத் தொலைதூர நாட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறது. ஆகவே, கடலோர மக்களே கடலில் வளர்க்கும் பண்ணைப் பவளத்துக்குக் கூடுதல் மதிப்புத் தருபவர்களும் உண்டு. எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. இந்தோனேசியா 2018-இல் பவள ஏற்றுமதியையே நிறுத்தி, 2020-இல் பண்ணைப் பவளத்துக்கு மீண்டும் வழி திறந்ததை இங்கே நினைவுகூரலாம்.

வெளிநாட்டில் வாங்குவோர் பார்க்க வேண்டியவை

அடியைப் பாருங்கள். வில்லையின் மேல் பவளம் படர்ந்து ஓரத்தை மூடியிருந்தால் அது அங்கேயே வளர்ந்தது. அடியில் பாறையை உடைத்த பச்சைக் காயம் இருந்தாலோ, பெரிய கொத்து ஒன்று நேற்று ஒட்டியது போல் வில்லையில் நின்றாலோ ஐயப்படலாம். கடலில் எடுத்த பெரிய பவளத்தைத் துண்டு போட்டு ஒட்டி, மறுவாரமே பண்ணைச் சரக்கு என்று விற்பவர்களும் உண்டு.

அடுத்து, தாளைக் கேளுங்கள். கல்பவளங்கள் அனைத்தும் சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. எல்லை தாண்டும்போது அனுமதிச் சீட்டு வேண்டும். அச்சீட்டில் ஓர் எழுத்துக் குறி இருக்கும். டபிள்யூ என்றால் இயற்கைக் கடலில் எடுத்தது. எஃப் என்றால் வளர்ப்பிடத்தில் பிறந்தது. சி என்றால் வளர்ப்பிலேயே தலைமுறையாகப் பெருகியது. நல்ல கடைக்காரர் இந்தக் குறி என்ன என்று கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்.

என் பரிந்துரை வரிசை இதுதான். முதலில், அதே ஊரில் தொட்டி வைத்திருக்கும் இன்னொருவர் வளர்த்த துண்டு. கிடைக்காவிட்டால், தாள் உள்ள பண்ணைப் பவளம். கடலில் எடுத்ததைப் புதியவர்கள் வாங்கவே வேண்டாம். அனுபவம் உள்ளவர்களும், பண்ணையில் கிடைக்காத வகையாகவும், அளவு வைத்து எடுக்கும் நாட்டிலிருந்து வந்ததாகவும் இருந்தால் மட்டும் எண்ணிப் பார்க்கலாம்.

இந்தியாவில் நிலை வேறு

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ஆம் ஆண்டு பவளங்கள் சேர்க்கப்பட்டன. பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், குழல் பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி ஆகியவை அதில் அடங்கும். புலிக்கும் யானைக்கும் என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடம் உண்டு.

"இது பண்ணையில் வளர்த்தது, இறக்குமதிச் சரக்கு" என்று கடைக்காரர் சொல்லலாம். திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் என்னிடமும் ஒருவர் அப்படிச் சொல்லி, பின்அறையில் இருந்த பவளத்தைக் காட்டினார். தாள் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார். அட்டவணை பவள இனத்தைத்தான் சொல்கிறது. கல்பவளம் எங்கே வளர்ந்தது என்று பிரித்துப் பார்க்கவில்லை. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் சைட்டிஸ் பட்டியல் உயிரினங்களும் இச்சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டன. ஆகவே வாய்ச்சொல்லை நம்பிக் கல்பவளம் வாங்குகிறவர் பணத்தோடு நிம்மதியையும் சேர்த்து இழக்க நேரும்.

உயிருள்ளதற்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். ராமேஸ்வரம், கன்னியாகுமரி போய்வரும்போது கரையில் கிடந்தது என்று எடுத்துவந்த காய்ந்த பவளத் துண்டு நம்மில் சிலர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கக்கூடும். அதற்கும் இதே சட்டம்தான். வெளிநாட்டுப் பிள்ளைக்கு நினைவுப் பொருளாக அதைப் பெட்டியில் வைத்து அனுப்பினால், விமான நிலையத்தில் இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இவ்வளவு கடுமை ஏன்?

காரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் வரிசையாக 21 தீவுகள். அவற்றைச் சுற்றிலும் பவளப்பாறைகள். நூற்றுக்கும் மேற்பட்ட கல்பவள வகைகள் அங்கே பதிவாகியுள்ளன. பல பத்தாண்டுகளாக மக்கள் வள்ளங்களில் போய்ப் பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்த்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வீடு கட்டவும், சுண்ணாம்புக் காளவாய்க்கும், தொழிற்சாலைக்கும் அது போயிற்று. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை; அன்றைய கூலி அது. ஆனால் விளைவு என்ன? அலையைத் தடுக்கும் சுவர் போனதும் தீவுகள் கரையத் தொடங்கின. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. வான் தீவும் சுருங்கிக்கொண்டே வந்து, அதைக் காக்கச் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியதாயிற்று.

1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் 2001 சட்டத்துக்கும் 2004 ஆழிப்பேரலைக்கும் பின்னரே, 2005 அளவில், பவளம் தோண்டுவது நின்றது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வருகிறார்கள். வீட்டுத் தொட்டிக்காரர் செய்யும் அதே வெட்டி நடும் முறைதான். அங்கே அது அலங்காரத்துக்கு அன்று. உடைந்த பாறையை மீட்பதற்கு.

இங்கே தொட்டி வைக்க என்ன வழி?

பவளம் இல்லாமலும் கடல்நீர்த் தொட்டி அழகாகவே இருக்கும். பாறைக்கு, பீங்கானிலோ சிமெண்டிலோ செய்த செயற்கைப் பாறை போதும். ஒரு சில மாதங்களில் அதிலும் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் குடியேறிவிடும். 'உயிர்ப்பாறை' என்று விற்பது பெரும்பாலும் கடலில் எடுத்த செத்த பவளமே; அதைத் தவிருங்கள்.

மீனுக்கு, வளர்ப்பில் பிறந்த கோமாளி மீனைக் கேட்டு வாங்குங்கள். இங்கிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில் விழிஞத்தில் இருக்கும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலும், மண்டபத்திலும், கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை வகுத்திருக்கிறார்கள். இந்த மீனுக்குக் கடல்தாமரை கட்டாயம் என்பது தவறான எண்ணம். வளர்ப்பில் பிறந்தது வெறும் பாறை இடுக்கிலும் மகிழ்ச்சியாக இருக்கும். லட்சத்தீவின் அகத்தியில் உள்ளூர்ப் பெண்கள் அலங்கார இறால்களை வளர்க்கவும் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். இப்படிப்பட்ட சரக்கைக் கேட்கக் கேட்கத்தான் கடைக்காரரும் அதைத் தேடுவார்.

மென்பவளம், காளான் பவளம், பொத்தான் பாலிப் ஆகியவை 2001 அட்டவணையில் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. ஆயினும் தேசியப் பூங்காவுக்குள் எதையும் எடுப்பது குற்றமே. எனவே வாங்குமுன் இறக்குமதித் தாளைப் பாருங்கள். ஐயம் இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பொத்தான் பாலிப் பற்றி ஓர் எச்சரிக்கை, எந்த நாட்டில் இருப்பவருக்கும். அவற்றில் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அவை ஒட்டிய பாறையைக் கொதிநீரில் போட்டுக் கழுவினால் ஆவியோடு நஞ்சு பரவி வீட்டில் உள்ள அனைவரும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்த நிகழ்ச்சிகள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. குழந்தைகள் உள்ள வீட்டில் இவ்வகை வேண்டாம் என்பதே என் கருத்து. கையாண்டே ஆக வேண்டும் என்றால் கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். கொதிநீர் மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

நம் ஊர்த் தட்பவெப்பத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பவளத் தொட்டியின் நீர் 25 முதல் 27 டிகிரி வரை இருப்பது நல்லது. இங்கே மீன மாதத்தில் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரியைத் தாண்டும். சில்லர் வேண்டும், மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டர் வேண்டும். பூவாற்றுக் கடலில் குடம் குடமாக நீர் எடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அங்கே நெய்யாறு கடலில் கலக்கிறது. இடவப்பாதி மழையில் உப்பின் அளவு நாளுக்கு நாள் மாறும். கடல் உப்புப் பொடியைச் சுத்தநீரில் கரைத்து, ஆயிரத்துக்கு 35 பங்கு என்ற அளவில் வைப்பதே பாதுகாப்பு.

ஊர் திரும்புவோருக்கு

கடைசியாக, நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல். என் தங்கை மகன் ஷார்ஜாவில் ஐந்து ஆண்டுகளாகப் பவளத் தொட்டி வைத்திருந்தான். வேலை முடிந்து குடும்பத்தோடு ஊர் திரும்பும்போது, "மாமா, என் பவளங்களைப் பையில் கட்டிக் கொண்டுவந்துவிடட்டுமா? எல்லாம் பண்ணையில் வளர்ந்ததுதானே" என்று கேட்டான். அவற்றின் மேல் அவன் பிள்ளைகளுக்கும் பாசம். வேண்டாம் என்றேன். அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் அங்கும் குற்றம், இங்கும் குற்றம். அங்கேயே உள்ள நண்பர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னேன். வில்லைகளில் இருந்த துண்டுகள் என்பதால் ஒரே வாரத்தில் நான்கு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. மீன்களையும் அங்கேயே விட்டுவிட்டான். வெறும் கண்ணாடித் தொட்டியும் விளக்கும் மட்டும் இங்கே வந்தன. இப்போது அதில் செயற்கைப் பாறையும் ஒரு ஜோடிக் கோமாளி மீனும் இருக்கின்றன. அவன் வெட்டி நட்ட பவளங்களின் படங்களை அந்த நான்கு வீட்டாரும் அவ்வப்போது அனுப்புகிறார்கள். பிள்ளைகள் எந்தத் துண்டு எவ்வளவு வளர்ந்தது என்று நோட்டில் குறித்து வைக்கிறார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த இதழைக் காட்டுங்கள். வாங்குவதானால் வளர்த்ததை வாங்கட்டும், தாளோடு வாங்கட்டும், ஊர் திரும்பும்போது அங்கேயே கொடுத்துவிட்டு வரட்டும். இங்கே இருக்கும் நாம், கடையின் பின்அறையில் எதைக் காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். தொட்டி அமைக்க விரும்பும் அன்பர்கள் சங்கக் கூட்டத்தின்போது என்னைக் கேட்டால், தெரிந்ததைச் சொல்லக் காத்திருக்கிறேன்.